சேர்ந்து செய்ய ஒரு வேலை
(மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியது)



நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு டபிள்யூ.கே.சி.ஆர். என்று ஒரு வானொலி உண்டு. 1990-ல் ஸ்ட்ரெட்ச் ஆர்ம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா என்ற இரண்டு இளைஞர்கள் அதில் ஹிப் ஹாப் நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். வியாழன் நள்ளிரவு தாண்டி 1 மணி முதல் 5 மணி வரை. ஊர் உறங்கும் நேரம். ஆனாலும் ரசிகர்கள் விழித்திருந்து கேசட்டில் பதிவு செய்தார்கள். நாஸ், ஜே-ஸீ போன்றவர்கள் பெயர் தெரியாத காலத்தில் அங்கே வந்து ராப் பாடினார்கள்.

1998-ல் நிகழ்ச்சி நின்றது. இருவரும் தனித்தனி வழியில் போனார்கள்.

2015-ல் அந்த நாட்களைப் பற்றி ஆவணப்படம் வந்தது. இயக்கியவர் பாபிட்டோ. பழங்கதை பேசியதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 2017-ல் என்.பி.ஆர். என்ற அமெரிக்கப் பொது வானொலிக்காகச் சேர்ந்து பேட்டி நிகழ்ச்சி நடத்தினார்கள். 2020-ல் இசைத்தொகுப்பும் வெளியிட்டார்கள்.

நம் பலருக்கும் முப்பது வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர் ஒருவர் இருப்பார். இப்போது தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், ஒன்று போகும். வரவும் செலவும் சரி. நேரில் கூடினாலும் பென்ஷன், மாத்திரை, பழைய மேனேஜர் என்று ஒரு மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். சேர்ந்து செய்ய வேலை இருந்தால் தீராது.

எழுபதை நெருங்குகிறோம். தள்ளிப்போட நாள் அதிகம் இல்லை. "ஒருநாள் பார்க்கலாம் சார்" என்று போனை வைத்துவிடாதீர்கள். "சனிக்கிழமை எங்கள் பிளாக் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன், நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.