நிழல் எழுதும் எழுத்து



ஒரே கலையை ஒளிப்படம் என்றும் நிழற்படம் என்றும் அழைக்கிறது தமிழ். காலத்தை நினைவில் நிறுத்துவது ஒளியா, நிழலா என்னும் வினா அப்பெயர்களிலேயே இருக்கிறது. நான் நிழலின் பக்கம் நின்று பேச விரும்புகிறேன்.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படமெடுத்தார். திருமலை நாயக்கர் அரண்மனை அப்போது சிதைந்து நின்றது. காகித நெகட்டிவில் காட்சி பதிய நெடுநேரம் ஒளி விழ வேண்டும். ஆகவே அசையாத தூண்கள் பதிந்தன. நடந்து சென்ற மனிதர் பதியவில்லை. மக்கள் நெருங்கிய மதுரை அப்படங்களில் பெரும்பாலும் ஆளற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஆண்டில் அவர் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். கல்வெட்டுப் படிப்போர் ஒன்றை அறிவர். வெயில் நேராக அடித்தால் கல் முழுவதும் ஒரே வெளிறலாகத் தெரியும். கதிர் சாய்ந்து விழுந்தால்தான் உளி வெட்டிய பள்ளத்தில் நிழல் தங்கும், எழுத்து எழும். நாம் படிப்பது அந்த நிழலைத்தான்.

அக்கோயிலின் வேறொரு சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், தெருவோடும் வீட்டு வரிசையோடும் இராசராசன் காலத்தில் வெட்டப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெண்கள் பெயரற்றுப் போகவில்லை.

நம் மண்ணுக்கு வருவோம். ஆமத்தூர் முதல் சிவகாசி வரை வெயிலும் ஒரு தொழிலாளி. பட்டாசை உலர்த்துவது அதுவே. மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். அவ்வெயிலில் உழைக்கும் பெண்களை யார் படமெடுத்தார்கள்? வெடிவிபத்தின் மறுநாள் நாளிதழில் எண்ணிக்கை வரும். வீட்டில் தேடினால், பலமுறை, வாக்காளர் அட்டைப் படம்தான் கிடைக்கும். அதையே பெரிதாக்கி மாலையிடுகிறார்கள். ஆளை அடையாளம் காண நேர் ஒளியில் எடுத்த படம் அது. முகம் இருக்கிறது. வெயிலுக்குக் கண் சுருக்கியதும், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டதும், அந்தியில் வேனிலிருந்து இறங்கித் தன் நீண்ட நிழலோடு வீடு திரும்பியதும் அதில் இல்லை.

தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி எண்மப்படுத்தும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்திருக்கிறது. போற்றத்தக்க பணி. ஆயினும் ஸ்டுடியோ வாசலை மிதிக்காதவர்களை எங்கே தேடுவது?

அங்கேதான் கவிஞரின் கடமை தொடங்குகிறது. நம் வட்டத்தில் வெயிற்கவிதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயில் என்றதும் வறுமை, வியர்வை, கண்ணீர் என்று நேர் ஒளியிலேயே எழுதிவிடுகிறோம். இரக்கமும் ஒருவகை நேர் ஒளிதான். அதில் எல்லா முகங்களும் ஒரே முகமாக வெளிறிப் போகின்றன. சற்றே சாய்ந்து நின்று பார்ப்போம். அவள் பாடிய பாட்டு எது, யாரோடு சண்டையிட்டாள், எந்த வேளையில் சிரித்தாள் என்பவை அப்போதுதான் எழுந்து தெரியும்.

அடுத்த பத்தாண்டு மலரில் அத்தகைய பக்கங்கள் சில இருக்கட்டும். பெயரோடும் தெருவோடும், அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே, அவர்கள் இசைவுடன் எழுதப்பட்டவையாக அவை இருக்கட்டும் என வேண்டி அமைகிறேன்.