கற்கால உணவும் கலங்காத நெஞ்சமும்



வேங்கடத்துக்கு அப்பாலும் விந்தியத்துக்கு அப்பாலும் வாழும் தமிழ் மக்களிடையே கடந்த சில ஆண்டுகளாக ஒரு சொல் பெரிதும் வழங்கி வருகிறது. 'பேலியோ' என்பது அச்சொல். பழங்கற்காலத்து மனிதன் உண்ட உணவு என்பது அதன் கருத்து. அரிசி, கோதுமை முதலிய தானியங்களையும் பருப்பு வகைகளையும் சர்க்கரையையும் விலக்கி, இறைச்சி, மீன், முட்டை, காய், கீரை, பாதாம் முதலியவற்றை உண்பது இம்முறை. இதனைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். முதல் வாரத்தில் பொங்கியெழும் ஊக்கம் மூன்றாம் திங்களில் எங்கே போய் மறைகிறது? அதனைக் காத்துக்கொள்ளும் வழி யாது? இன்று நாம் ஆராயப் புகும் பொருள் இதுவே. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சித்தூரும் திருப்பதியும் நமக்குப் போதும்.

திருப்பதிக்கு இரயிலில் செல்வோர் ரேணிகுண்டா சந்திப்பை அறிவர். வண்டி மாறுவதற்குரிய இடம் என்பதற்கு மேல் அவ்வூரைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. ஆனால், 1960களில் எம். எல். கே. மூர்த்தி என்னும் தொல்லியல் அறிஞர் அவ்வூரை அடுத்த பகுதியில், பழங்கற்காலத்தின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்த கூரிய கத்திக்கற் கருவிகளைக் கண்டறிந்தார். வேங்கட மலையின் அடிவாரத்தில் கோயில் எழுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கல்லைச் செதுக்கி வேட்டையாடி வாழ்ந்த மக்கள் இருந்தனர் என்பதற்கு அக்கற்கள் சாட்சி. ஆகவே, கற்கால உணவு என்பதை எங்கோ கடல் கடந்த நாட்டின் செய்தியாக நாம் கருத வேண்டுவதில்லை.

எனினும், அந்த ஆதி மனிதன் உண்டதும் இன்று நாம் 'பேலியோ' என்று உண்பதும் ஒன்றல்ல. அவன் அகப்பட்டதை உண்டான். காட்டுத் தானியமும் கிழங்கும் அகப்பட்டபோது அவற்றையும் உண்டான். இசுரேல் நாட்டில் ஒகாலோ என்னும் இடத்தில் ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுத் தானியத்தை அரைத்து உண்டதற்கு அடையாளம் கிடைத்துள்ளது. இக்கால முறைக்கு அறிவுலகில் பெரும் வாயில் திறந்தது 1985ஆம் ஆண்டில், பாய்டு ஈட்டன், மெல்வின் கானர் என்னும் இருவர் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரை. தமிழில் இதனை எளிய நடையில் எழுதிப் பரப்பியவர் நியாண்டர் செல்வன். முகநூற் குழுக்கள் வழியே இது நாடெங்கும் உள்ள தமிழரை எட்டியது. தமிழ் முறையில் நெய்யும் வெண்ணெயும் பனீரும் இடம்பெற்றன. கற்காலத்தவன் மாடு கறந்தவன் அல்லன். பெயர் பழையது, பட்டியல் புதியது. அண்டையிலுள்ள தெலுங்கு மக்களிடையே வீரமாச்சனேனி ராமகிருஷ்ணா என்பார் தானியத்தை நீக்கிக் கொழுப்பை முதன்மையாகக் கொள்ளும் மற்றொரு முறையைப் பரப்பினார். அதுபற்றி மருத்துவர்களிடையே வலிய வாதங்களும் நிகழ்ந்தன.

இவ்வளவு வேகமாக இம்முறைகள் பரவியதற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேற்பட்டோர். வீட்டுக்கு ஒருவர் மாத்திரைப் பெட்டியோடு உண்ண உட்காரும் நாட்டில், 'சோற்றைக் குறை' என்னும் சொல் மக்கள் செவியில் ஏறியதில் வியப்பில்லை.

இனி, ஊக்கம் தளர்வதற்குரிய காரணங்களைக் காண்போம்.

முதற்காரணம் உடம்பைச் சார்ந்தது. மாவுச்சத்தை விட்ட முதல் வாரத்தில் எடை விரைந்து குறையும். ஆனால் அவ்வளவும் கொழுப்பன்று. நம் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கிறது. அச்சேமிப்புக் கரையும்போது அந்நீரும் வெளியேறுகிறது; அதனோடு உப்பும் கழிகிறது. தலைவலியும் சோர்வும் எரிச்சலும் அப்போது தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதனை அறியாதவர் 'இம்முறை நமக்கு ஒவ்வாது' என்று முதல் வாரத்திலேயே கைவிடுவர். அறிந்தவரோ விரைந்த எடைக்குறைவைக் கண்டு களிப்பதுமில்லை. பிறகு அது நின்றுவிடும்போது கலங்குவதுமில்லை.

இரண்டாங் காரணம் உள்ளத்தைச் சார்ந்தது. பிறமாநிலத்தில் வாழும் தமிழனுக்குச் சோறு வெறும் உணவன்று. லக்னோவிலோ புவனேசுவரத்திலோ பகலெல்லாம் வேற்றுமொழி பேசி அறைக்குத் திரும்புகிறவனுக்கு, ஒரு கரண்டிச் சாம்பாரும் ஒரு பிடிச் சோறும் ஊரையே கொண்டுவந்து முன் நிறுத்துகின்றன. அதனை விடு என்றால், ஊரை விட்டது போதாதா, உணவையும் விடவேண்டுமா என்று நெஞ்சம் கேட்கிறது. இக்கேள்வியை எள்ளி நகைத்தல் ஆகாது. உணவுப் பட்டியல் வகுப்போர் பலர் மறந்துவிடும் உண்மை இது.

இதற்கு விடையைச் சித்தூர்த் தமிழர் வாழ்க்கையிற் காணலாம். 1911ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் குப்பமும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அங்குள்ள தமிழர் பலர் ஊர் மாறாமலே மாநிலம் மாறியவர்கள். அவர்கள் அடுப்பில் சாம்பாரும் உண்டு. தெலுங்கு மக்களின் கேழ்வரகுச் சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வேர்க்கடலைத் துவையலும் உண்டு. உண்கலம் மாறியதால் அவர்கள் தமிழ் மாறிவிடவில்லை. வீட்டில் பேசும் மொழியும், பிள்ளைக்கு இடும் பெயரும், பொங்கலன்று வாசலில் இடும் கோலமும் ஒருவனைத் தமிழனாகக் காக்கின்றன. சோற்றின் அளவைக் குறைப்பவன் ஊரைத் துறப்பவன் அல்லன். அச்சாம்பாரின் புளியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் கீரைக்கும் கோழிக்கும் முட்டைக்கும் பொருந்துவனவே. ஊரின் மணம் அரிசியில் மட்டும் இல்லை, தாளிப்பிலும் இருக்கிறது.

மூன்றாங் காரணம் பணத்தைச் சார்ந்தது. சித்தூர்ச் சீமையில் வேர்க்கடலை மிகுதி. ஆனால் அது பருப்பினத்தைச் சேர்ந்ததாதலால் பேலியோ முறை அதனை விலக்குகிறது. பாதாமோ விலை மிக்கது. நாள்தோறும் 100 பாதாம் உண்ண இயலாதவன், தான் தோற்றுவிட்டதாக எண்ணி மனம் குன்றுகிறான். அங்ஙனம் குன்ற வேண்டுவதில்லை. முட்டையும் தேங்காயும் கீரையும் தயிரும் எளியவனுக்கும் எட்டுவன. தன் வருவாய்க்கு அடங்காத நோன்பு எதுவும் நெடுநாள் நில்லாது.

இனி, ஊக்கத்தைக் காக்கும் வழிகளைக் கருதுவோம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதையே இதற்கு நல்லாசிரியன். ஏறத்தாழ 3,550 படிகள் கொண்ட பாதை அது. தொடக்கத்திலேயே செங்குத்தான ஏற்றம், மூச்சு வாங்கும். காளிகோபுரத்தை அடைந்த பின்னர் வழி நெடுந்தூரம் சமமாகச் செல்கிறது. 'இவ்வளவு நடந்தும் உயரம் ஏறவில்லையே' என்று அங்கே எவரும் அழுவதில்லை. பாதை மலையைவிட்டு விலகவில்லை என்பதை அறிவார்கள். முடிவுக்கு அருகில் முழங்கால் முறிச்சான் என்னும் கடும் ஏற்றம் மீண்டும் வருகிறது. இராமாநுசர் மலையின் தூய்மை கருதிக் கால் பதியாமல் முழங்காலாலேயே ஏறினார் என்பது வைணவ மரபு.

உணவு நோன்பின் வழியும் இத்தகையதே. முதலில் ஏற்றம், பின்னர் வாரக்கணக்கில் எடைக்கருவியின் முள் அசையாத சமவெளி. உடம்பு சிறுத்தபின் அதற்கு வேண்டும் உணவும் குறைவதால் இந்நிலை இயல்பாகவே நேர்கிறது. அக்காலத்தில் முள்ளை மட்டும் நோக்கிக்கொண்டிருப்பவன் தளர்வான். இடுப்புச் சுற்றளவு, படியேறும்போது வாங்கும் மூச்சு, உறக்கம், இரத்தச் சர்க்கரையின் அளவு ஆகியவற்றையும் குறித்து வருபவன், சமவெளியிலும் தான் நடந்துகொண்டிருப்பதைக் காண்பான்.

மற்றொன்று: தவறிய ஒருநாள் தவத்தைக் குலைத்துவிடாது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி முதலிய அறிஞர்கள் 96 பேரைக் கொண்டு பழக்கம் வேரூன்றும் வகையை ஆய்ந்து, அம்முடிவை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பழக்கம் தானே இயங்கும் நிலையை அடைய நடுவளவாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயின. சிலருக்கோ 254 நாட்கள் தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது அவ்வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. ஆகவே, அண்டை வீட்டான் 20 நாளில் பழகிவிட்டான் என்று நாம் நம்மை நொந்துகொள்வது பொருந்தாது. திருமணப் பந்தியில் இரண்டு கவளம் உண்டதற்காக, 'எல்லாம் போயிற்று' என்று மறுநாளும் இலை விரிப்பதும் அறிவுடைமை ஆகாது.

திருப்பதி இலட்டைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் முந்திரியும் கலந்த அது பேலியோப் பட்டியலின் எந்த மூலையிலும் இடம்பெறாது. ஊரிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்து நீட்டும்போது என்செய்வது? பிரசாதம் என்பது பகிர்தற்குரிய பொருள். வயிறு நிரம்ப உண்பதற்குரியதன்று. ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டு, எஞ்சியதை அண்டை அயலாருக்கு அளித்தால், மரபும் கெடாது, நோன்பும் கெடாது. மலைமேல் அன்னப்பிரசாதப் பந்தியில் அமர்ந்தவன் அன்று ஒருவேளை சோறு உண்டால் குற்றமில்லை. நீரிழிவுக்கு மருந்து உண்பவன் மட்டும் அளவறிந்து உண்ணல் வேண்டும்.

உண்மையில், விலக்கி உண்ணும் பயிற்சி தமிழருக்குப் புதிதன்று. புரட்டாசித் திங்கள் முழுவதும் இறைச்சியைத் தீண்டாத குடும்பங்கள் எத்தனை! ஏகாதசியன்று தானியத்தைத் தொடாத முதியோர் எத்தனை பேர்! அவர்கள் எவ்வாறு தளராமல் நின்றனர்? அந்நோன்புக்கு நாள் வரையறை இருந்தது. வீடு முழுவதும் துணை நின்றது. அதற்கு ஒரு பொருள் இருந்தது. இம்மூன்றையும் நாம் உணவு முறைக்கும் கொள்ளலாம். 'வாழ்நாள் முழுவதும்' என்று மலைக்காமல், 'இத்திங்கள் மட்டும்' என்று தொடங்குக. வீட்டாரையோ அறைத்தோழரையோ துணை கொள்க. இயலாவிடில் வாரம் ஒருமுறை தொலைபேசியில் உரையாடும் ஒரு நண்பரேனும் இருக்கட்டும். எதற்காக இதனை மேற்கொண்டோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்க. 'எடை குறைய' என்பதினும் 'பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேற' என்பது வலிய காரணம். புரட்டாசியில் புலால் விலக்குவோர் பனீர், தேங்காய், தயிர், காய்கறி கொண்டு அத்திங்களைக் கடக்கலாம்; இரண்டு நோன்புகளும் ஒன்றோடொன்று பகைத்தல் வேண்டா.

எச்சரிக்கை ஒன்றையும் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மனவுறுதி வேறு, பிடிவாதம் வேறு. இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ கொள்பவர் திடீரெனச் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மருந்தின் அளவை மருத்துவரே மாற்றியமைக்க வேண்டும். முகநூல் நண்பர் அல்லர். சிறுநீரக நோயுடையோரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாது இவ்வழி புகுதல் தகாது. இது ஒன்றே வழி என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு காலம் ஆய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், மாவுச்சத்தைக் குறைத்தோர் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தோர் 5.3 கிலோவும் எடை இழந்தனர். வேறுபாடு பெரிதன்று. ஆகவே, கற்கால உணவு ஒருவருக்குப் பொருந்தாவிடில், சர்க்கரையையும் நொறுக்குத் தீனியையும் விட்டுச் சோற்றைப் பாதியாக்கி, காயை இருமடங்காக்கினாலும் நன்மையே. வழி மாறியவன் தோற்றவன் அல்லன். அலிபிரி வழியாகச் செல்வோரும், சீனிவாசமங்காபுரத்தை அடுத்த ஸ்ரீவாரி மெட்டு வழியாக 2,388 படிகள் ஏறுவோரும் சேருமிடம் ஒன்றே அல்லவா?

இறுதியாக, நம் நோன்பு பிறர்க்குத் துன்பமாதல் கூடாது. சோறு உண்பவரை அறியாதவர் என்று இகழ்வதும், விருந்தளிப்போர் உள்ளம் நோக இலையைத் தள்ளுவதும் பண்பன்று. பங்கீட்டுக் கடை அரிசியே உயிராக வாழும் கோடிக்கணக்கான மக்கள் நம் நாட்டில் உள்ளனர் என்பதை மறவாதவனே எதை உண்ணலாம், எதை விலக்கலாம் என்று ஆராயும் தகுதியுடையவன். உணவை வெறுத்து விலக்குபவன் விரைவில் தளர்வான். உடம்பைப் பேணி, உணவை மதித்து, தன் பிழையைத் தானே பொறுத்து, நாளைக்கு ஒரு படியாக ஏறுபவன் தளர்வதில்லை. தொலைநாட்டில் உழைக்கும் உங்கள் உடம்பு உங்களுக்கு மட்டும் உரியதன்று. ஊரில் உங்கள் வரவை நோக்கியிருப்போருக்கும் அதில் பங்கு உண்டு. அதனை நலமுற வைத்திருப்பீர்களாக.