பள்ளியில் ஒளிப்படக் கலை

படம் பிடிப்பதையும் ஒரு பாடமாக வைத்துப் பரீட்சை நடத்துவதா என்று கேட்போர் இன்றும் உளர். விரல் பட்ட மாத்திரத்தில் படம் விழும் இக்காலத்தில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் வினா. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் உள்ள மண்டூரில் நின்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

இலங்கையிலே ஒளிப்படம் சாதாரண தரத்தில் தனிப் பாடமன்று. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் விருப்பப் பாடத்தைத் தெரிவு செய்வோர்க்கு அது ஓரளவு வாய்க்கிறது. இங்கிலாந்திலோ பதினாறு வயதினர் எழுதும் பரீட்சையில், சித்திரப் பிரிவின்கீழ் ஒளிப்படத்தையே எடுத்துக் கற்கலாம். தமிழ் மண்ணுக்கும் இக்கல்வி புதிதன்று. தாகேரின் முறை பாரிஸ் நகரில் வெளியானது 1839-ஆம் ஆண்டில். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியில், அந்தப் பத்தாண்டுக்குள்ளாகவே ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது.

மண்டூரில் ஓர் ஆசிரியர் இப்பாடத்தைத் தொடங்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வாவியை நோக்கிய அறையொன்றின் யன்னல்களைக் கறுப்புச் சீலையால் மூடி, சுண்டுவிரல் நுழையும் அளவில் ஒரு துளை விட்டாற் போதும். பிற்பகல் வெயிலில், எதிர்ப்புறத்து வெள்ளைச் சுவரிலே வாவி தலைகீழாக வந்து விழும். வானம் கீழே, தோணி மேலே! துளையைப் பெருப்பித்தால் படம் ஒளி பெற்றுத் தெளிவு இழக்கும்; சுருக்கினால் தெளிவு பெற்று மங்கும். ஏன் பிற்பகல்? காலையிற் கதிரவன் வாவிக்கு மேலே எதிர்முகமாக எழுவதால் தோணிக்காரரின் முகம் கருநிழலாகிவிடும். ஒளி மேற்கே சாய்ந்த பின்னரே அம்முகம் துலங்கும். கருவியில் 4, 5.6, 8 என எழுதியிருக்கும் எண்கள் ஒவ்வொன்றும் முன்னதன் ஒளியைப் பாதியாக்குவன என்று கணித ஆசிரியரும் இங்கே துணைக்கு வரலாம்.

அடுத்த பாடம் இதனினும் கடினமானது. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலிலே, கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்கு அப்பால் பூசை செய்கிறார். அடியார் காண்பது திரையைத்தான். மறைத்து வைத்திருப்பதை மறைவாகவே விடுவதும் படம் பிடிப்பவன் கற்க வேண்டியதே. திருவிழாக் கூட்டத்திலே நேர்த்திக்கடன் செலுத்திக் கண்ணீர் வடிப்பவரைக் கேளாமற் படம் எடுக்கலாமா? இதற்கு எந்தப் பாடநூலும் முடிந்த விடை தராது. வகுப்பறையிலே வாதாடித்தான் தெளிய வேண்டும்.

1978 நவம்பர்ச் சூறாவளியும் அதன்பின் வந்த போர்க்கால இடப்பெயர்வுகளும் மட்டக்களப்புப் பகுதியிற் பல வீடுகளின் படங்களைக் கொண்டு போயின. தப்பிய சிலவற்றில் முகம் உண்டு, பெயர் இல்லை. அவற்றை யன்னலோரத்து நிழல் வெளிச்சத்தில், மின்னொளி தெறியாதவாறு மறுபடி எடுப்பது மாணவர்க்கு ஏற்ற பயிற்சி. எடுத்தபின் பின்புறத்திலே பெயரும் ஊரும் ஆண்டும் எழுத வேண்டும். பேனாவின் மை ஊறிப் படத்தைக் கெடுக்குமாதலால் பென்சிலே நன்று. எழுத வேண்டியவற்றை அம்மம்மாவிடம் கேட்டறியலாம். வலப்புறமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் ஒரு வீட்டில் ஒருவரோ இருவரோதான். அவர்களிடம் கேட்பதைப் பரீட்சைக் காலம் வரை ஒத்திப்போட இயலாது.