பவளத்திட்டில் ஒரு தலைவன்

பேரழிவில் பிழைத்துக் கிடக்கும் ஒரு சிறு கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது? ‘தி வாக்கிங் டெட்’ தொடரில் வரும் ஷேனை முன்வைத்து ரசிகர்கள் ஓயாமல் வாதாடும் கேள்வி இது. ஷேனின் மனச்சாட்சி இழை இழையாக அவிழ்ந்துகொண்டே போகிறது. ஆனாலும், ஈவிரக்கத்தை உதறியவனால்தான் மற்றவர்களைக் காப்பாற்ற முடியும் என்று அவனுக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. இந்த வாதத்தை உரசிப் பார்க்க உண்மையிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது.

1629 ஜூன் 4, விடியலுக்கு முன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘படாவியா’ கப்பல், மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள அப்ரோலோஸ் பவளத்திட்டுகளில் மோதியது. கப்பலில் சுமார் 340 பேர். பெரும்பாலோர் அருகிலிருந்த திட்டுகளில் ஏறித் தப்பினார்கள். பயணத் தலைவர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட்டும் மீகாமன் அரியான் யாகோப்ஸும் ஏறத்தாழ 48 பேருடன் படகேறி, முதலில் தண்ணீர் தேடி, பிறகு உதவி கேட்டு ஜாவாவுக்குப் போனார்கள். மிஞ்சியவர்களில் பதவியில் மூத்தவன் துணை வணிகன் ஜெரோனிமஸ் கோர்னலிஸ். ஹார்லெம் நகரில் மருந்துக்கடை நடத்தி நொடித்துப் போனவன். தலைமை தானாகவே அவன் கைக்கு வந்தது.

ஆயுதங்களையும் படகுகளையும் உணவையும் அவன் ஓரிடத்தில் சேர்த்தான். எந்த நல்ல தலைவனும் செய்யக்கூடியதுதான். அடுத்து, இருந்த ஆலோசனைக் குழுவைக் கலைத்துத் தன் ஆட்களை அதில் அமர்த்தினான். மீட்புக் கப்பல் வந்தால் அதையே கைப்பற்றுவது அவன் திட்டம். அதற்குக் குறுக்கே நிற்கக்கூடியவர்கள் குறைய வேண்டும். முதலில் சிலரைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்தார்கள். பிறகு ஒளிவுமறைவே இல்லை. பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் என்று நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

குடிக்கும் வாய்கள் குறைந்தால் தண்ணீர் நீடிக்கும் என்று இதற்கு ஒரு கணக்குச் சொல்லலாம். அந்தக் கணக்கு பொய்யானது எப்படி என்பதுதான் இக்கதையின் முக்கியமான பகுதி. வீபே ஹேயஸ் என்ற சாதாரணப் படைவீரரையும் சுமார் இருபது பேரையும் கோர்னலிஸ் ஆயுதமின்றித் தொலைவிலுள்ள வேறொரு தீவுக்கு அனுப்பியிருந்தான். சாக்கு, தண்ணீர் தேடுவது. எண்ணம், அவர்கள் அங்கேயே மடிவது. பல நாள் தேடலுக்குப் பிறகு அங்கே நல்ல தண்ணீர் கிடைத்தது. உண்பதற்கு வாலபி விலங்குகளும் இருந்தன. பேசி வைத்தபடி ஹேயஸ் தீ மூட்டிப் புகை எழுப்பினார். கோர்னலிஸ் அசையவில்லை. எல்லோரையும் பிழைக்க வைக்கக்கூடிய செய்தி அவனுக்குத் தொந்தரவாகிவிட்டது! நெறி குலைந்த தலைவனால் வரும் பெரிய கேடு அவனுடைய கொடுமைகூட அல்ல. கூட்டத்துக்கு எது நல்லதோ அது அவனுக்கு ஆகாததாகிவிடுகிறது. கண்முன் புகை எழுந்தாலும் அவன் பார்க்க மாட்டான்.

ஷேனுக்காகப் பரிந்து பேசும் மறுதரப்புக்கும் இங்கே ஒரு சான்று உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. மீகாமன் யாகோப்ஸும் கப்பலில் கலகம் செய்யச் சதி செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டு ஜாவாவில் சிறைப்பட்டவர். ஆனால் திறந்த படகில், ஒருவரையும் பலி கொடுக்காமல், ஒரு மாதத்துக்கும் மேல் கடலோடி அத்தனை பேரையும் கரைசேர்த்தது அவருடைய திறமை. ஒரே படகு, எல்லோருக்கும் ஒரே தாகம். மற்றவர்கள் செத்தால் தனக்கு ஆதாயம் என்ற நிலை அங்கே அவருக்கு இல்லை. கோர்னலிஸுக்கோ ஒவ்வொரு சாவும் லாபமாக இருந்தது.

கொலைக்களத்திலிருந்து தப்பியவர்கள் தெப்பம் கட்டி ஹேயஸிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பக்கம் ஐம்பது பேர் அளவுக்குப் பெருகியது. கரையொதுங்கிய மரத்தில் ஆணி அடித்து ஈட்டி செய்தார்கள். கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சமாதானம் பேசுவதாகத் துணிமணிகளோடு வந்த கோர்னலிஸைப் பிடித்துக் கட்டினார்கள். செப்டம்பர் 17 அன்று அவனுடைய ஆட்கள் துப்பாக்கிகளோடு தாக்கிக்கொண்டிருந்தபோது பெல்சார்ட்டின் மீட்புக் கப்பல் ‘சார்டாம்’ கண்ணில் பட்டது. இரு தரப்பும் படகேறி அதை நோக்கி விரைந்தன. ஹேயஸ் முந்திக்கொண்டு எச்சரித்ததால் கப்பல் தப்பியது. அக்டோபர் 2-இல் கோர்னலிஸ் அந்தத் திட்டுகளிலேயே தூக்கிலிடப்பட்டான். ஹேயஸை பெல்சார்ட் சார்ஜென்ட்டாக உயர்த்தினார்.