பண்டை வீரமும் இற்றை வீரமும்

(அம்பத்தூரில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு விழாவில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, "நம் முன்னோர் வாளேந்திப் போர்க்களம் புக்கனர், இக்காலத்துப் பிள்ளைகளோ கைப்பேசியை ஏந்தித் திண்ணையில் கிடக்கின்றனர், வீரம் என்பது நம் குடியை விட்டு நீங்கிவிட்டது" என்று வருந்திப் பேசினார். கைதட்டல் எழுந்தது. உடனே இளைஞர் ஒருவர் எழுந்து, "முன்னோர் வீரமெல்லாம் பரிசில் வேண்டிய புலவர்கள் புனைந்துரைத்தவை, பனிமலையில் நின்று எல்லை காப்பவர் இக்காலத்தாரே" என்றார். அதற்கும் கைதட்டல் எழுந்தது. இரண்டிற்கும் கைதட்டியவர்களுள் யானும் ஒருவன். ஆகவே இவ்வழக்கைத் தீர்க்கும் கடமையும் என் தலையில் வீழ்ந்தது போலும்! நம் செயலாளர் இன்று என்னைப் பேசுமாறு பணித்தார்.

முதற்கண் இளைஞரின் ஐயத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டில் உயர்வு நவிற்சி உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் கல்லிலும் உண்டோ? போரிலும் ஊர்காவலிலும் மடிந்தார்க்குக் கல் நடுதல் தமிழர் வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் முறைகளைத் தொல்காப்பியனார் புறத்திணையியலில் வகுத்தார். அவர் வகுத்தது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றையே சான்றாகக் காட்டுவேன்.

முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியின் முப்பத்துநான்காம் ஆண்டில் நடப்பெற்றது அக்கல். கருந்தேவக்கத்தி என்னும் இளமகன் எருமைகளைக் காக்கப் பொருது மடிந்தான். அவனோடு கோவிவன் என்னும் நாயும் நின்று கள்வர் இருவரைக் கடித்தது. கல்லில் வீரன் நிற்கிறான். அவன் பின்னே நாயும் நிற்கிறது. நாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது! அவன் மன்னனல்லன், தானைத் தலைவனல்லன். அவன் காத்தது அரியணையன்று, எருமை. நம்மைப் போன்ற எளிய குடியில் பிறந்த ஒருவன், ஊர்ப்பொருள் கொள்ளை போகாமல் வழிமறித்து நின்றான், மடிந்தான். பரிசில் நாடும் புலவன் எவனும் அங்கில்லை. ஆகவே, முன்னோர் வீரம் புனைந்துரையன்று என்பது தெளிவு.

இனிப் பெரியவர் கூற்றுக்கு வருவோம். அந்த இளமகன் நின்ற களம் எத்தகையது? தன் ஊர், தன் மக்கள், தன் கண்ணெதிரே பகைவன். வீழ்ந்தால் யாருக்காக வீழ்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். தன் பெயரைச் சொல்ல ஊரார் இருப்பர் என்பதும் தெரியும். பிற்காலத்து வீரனுக்கு அப்பேறு கிட்டவில்லை.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதலாம் உலகப்போரை நினைமின். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்தனர். எழுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் மீளவில்லை. பிரான்சின் சேற்றிலும் மெசபடோமியாவின் மணலிலும் நம் நாட்டு உழவர் மக்கள் நின்றனர். போர் அவர்தம் போரன்று; அரசும் அவர்தம் அரசன்று. பலர் சென்றது வயிற்றுக்காகவே. ஆயினும் குண்டு வந்தபோது நின்றனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் அக்காலத்து ஆட்சியார் பதித்த கற்பலகைகளை இன்றும் காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்று அவை ஆங்கிலத்தில் கூறும். எண் உண்டு, பெயர் இல்லை. செங்கத்து நாய்க்குக் கிடைத்த சிறப்பு அம்மனிதர்க்குக் கிடைக்கவில்லை. அறிவாரும் போற்றுவாரும் இல்லாத இடத்தில் நின்று மடிந்த வீரத்தைக் குறைந்ததென்று எந்நாவால் கூறுவோம்?

நம் பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலை செல்லும் சாலையில் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றுளது. 1952-இல் அமைந்தது. இரண்டாம் உலகப்போரில் இறந்தோர் எண்ணூற்றுவர்க்கு மேற்பட்டோர் அங்குத் துயில்கின்றனர். அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்கின்றோம். உள்ளே சென்றவர் நம்மில் எத்துணைப் பேர்? ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கற்களில் செதுக்கிய வயதைப் படிக்கச் சொல்லுங்கள். இருபது, இருபத்திரண்டு என வரும். "இக்காலத்துப் பிள்ளைகள்" என்று நாம் கடிந்துகொள்ளும் வயதே அது!

முற்காலத்தார் அனைவரும் அஞ்சாதவர் என்பதும் மெய்யன்று. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடுத்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. மக்கள் நகரை விட்டு ஓடினர். அந்த அச்சம் எத்துணை ஆழமாகப் பதிந்ததெனில், "அவன் பெரிய எம்டன்" என்று ஒரு சொல்லே நம் வழக்கில் நிலைத்துவிட்டது. மீண்டும் 1942 ஏப்ரலில், கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியர் குண்டு வீசியபின், சென்னை மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். அலுவலகங்களும் உள்நாட்டுக்கு மாறின. குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து போன நம் பாட்டிமாரைக் கோழையர் என்போமோ? என்னோம். அச்சம் மனித இயல்பு. அஃது எக்காலத்தும் இருந்தது.

இனி இற்றை நாளைப் பார்ப்போம். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் இருபதின்மர் மாண்டனர். அங்குத் துப்பாக்கி முழங்கவில்லை. எல்லைக்கோட்டை ஒட்டிச் சுடுதல் 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் விலக்கப்பட்டிருந்தது. கல்லும் தடியும் கொண்டு, உறைபனிக் குளிரில், இருளில், கைகலந்து பொருதனர். அவ்விருபதின்மருள் ஒருவர் ஹவில்தார் பழனி, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூரினர், பீரங்கிப்படையைச் சார்ந்தவர். தொலைவிலிருந்து சுடும் படையிற் பயின்றவர், பகைவனை முகத்தோடு முகம் நோக்கி நின்றார். அவர் மறைவிற்குப் பின் வீர சக்கர விருது வழங்கப்பட்டது. செங்கத்துக் கல்லில் நிற்கும் இளமகனுக்கும் இவருக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகள். ஆயின் வேறுபாடு யாது? பெரியவர் பொறுத்தருள்க; யான் ஒன்றும் காண்கிலேன்.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்துச் சோபியான் மாவட்டத்தில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு குடியரசு நாளில் அசோக சக்கர விருதைப் பெற்றுக்கொள்ள அவர்தம் மனைவியார் தலைநகரில் நின்றார். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை நீங்கள் அறிவீர்கள். பிறந்த குடியினன் ஒருவனை ஒரு போரிலும், கணவனை மற்றொரு போரிலும் இழந்து, எஞ்சிய ஒரே மகனையும் களத்திற்கு விடுத்தவள் அவள். அவளை நாம் ஏட்டில் கண்டோம். அவள் வழியினரைக் கண்முன் கண்டோம்.

நம் ஆவடியையும் மறத்தலாகாது. அவ்வூர்ப் பெயர் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆயது என்பாருளர். அது பின்னோர் கட்டிய கதை. ஆநிரை காத்த மரபை நினைவூட்டும் "ஆ" அப்பெயரிலேயே ஒலிக்கிறது. அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர்திகள் களம் கண்டன. போர்க்கடமையில் கொல்லனுக்கும் ஒரு பங்கு வைத்தார் பொன்முடியார். உலைக்களத்தின் வெம்மையில் நின்று இரும்பைப் பொருத்திய நம் தெருவினரும் அப்பங்குக்கு உரியரே.

என் பழைய மாணவர் ஒருவர் பதினேழாண்டு படையிற் பணியாற்றி மீண்டுள்ளார். வெடியோசையால் ஒரு செவி கேளாது. இப்போது தொழிற்பேட்டையில் இரவுக் காவலர். அவரிடம் இவ்வழக்கைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஐயா, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவன் நின்றான், அதனால் நானும் நின்றேன்" என்றார். அன்பர்களே! யான் முப்பதாண்டு கற்ற நூல்களில் வீரத்திற்கு இதனினும் தெளிந்த இலக்கணம் காணவில்லை. அஞ்சாமை வீரமன்று, அஞ்சியும் நிற்றலே வீரம். அது பண்டும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இரண்டிற்கும் நிறை ஒன்றே என்பது என் தீர்ப்பு.

ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை. முன்னோர் நம்மை விஞ்சி நிற்கும் இடம் ஒன்றுண்டு. மாண்டவனுக்குக் கல் நட்டதோடு அக்காலத்து ஊரார் கைகழுவவில்லை. அவன் குடும்பத்திற்கு நிலம் ஈந்தனர். நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் அதனைக் குறிக்கும். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் குருதியே. அவன் சிந்திய குருதிக்கு ஊர் செலுத்திய கடன் அந்நிலம். அவன் மனைவி அதில் உழுவித்து உண்டாள். மக்கள் அதில் வளர்ந்தனர்.

நாம் என் செய்தோம்? சென்ற ஆண்டு விழாவில் முன்னோர் வாளைப் பற்றி மேடையில் இடிமுழக்கம் எழுந்தபோது, அம்மாணவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு மாலையும் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அவர் கடன் தேடி அலைந்தது நமக்குத் தெரியவும் இல்லை. அவர்தம் ஆசிரியனாகிய யானும் பின்னரே அறிந்தேன். அதற்காக நாணுகின்றேன். போர்க்களத்தில் வீரம் குன்றவில்லை, பெரியீர்! குன்றியது ஊராரின் கடமையே.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கின்றேன். ஒன்று: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் நம் குடும்பங்களிலிருந்து படைக்குச் சென்றோர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுவோம், எண்ணாக அன்று, பெயராக. இரண்டு: நம் கல்வி நிதியில் ஒரு பகுதியை அவர்தம் மக்களுக்கென ஒதுக்குவோம், அதுவே நாம் அளிக்கும் உதிரப்பட்டி. மூன்று: 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது, அந்நாளில் நம் தெருக்களில் வாழும் படைவீரர் இல்லந்தோறும் சென்று, குறை கேட்டு, விண்ணப்பம் எழுத உதவுவோம். எழுதும் பணியை யான் ஏற்கின்றேன்.

இறுதியாக ஒரு சொல். என் மாணவரின் பக்கத்தில் நின்றவன் எக்குலத்தான் என்று அவர் அந்த இரவில் கேட்கவில்லை. நம் உதவியும் நம் குலத்தெல்லையில் நின்றுவிட வேண்டா.

கல் நட்டவர் வழிவந்தோம் என்று பெருமை பேசினோம். கடன் தீர்த்தவர் வழிவந்தோம் என்பதையும் இனிக் காட்டுவோம்.