ஒரே விண்ணப்பம், ஐந்து கல்லூரி: போனில் பதிவதற்கு முன்பும் பின்பும்

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்பெல்லாம் ஐந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போடணும்னா ஐந்து ஊருக்குப் பஸ் ஏறணும். ஒவ்வொரு இடத்திலும் வரிசையில் நின்று ஃபாரம் வாங்கணும், பூர்த்தி செய்து கொடுக்கத் திரும்பவும் போகணும். 2020-ல் கொரோனா வந்தபோது அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஆன்லைன் விண்ணப்பம் வந்தது. அந்த அலைச்சல் போச்சு. இன்றைக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ டாட் இன் என்ற ஒரே தளத்தில், 160-க்கும் மேற்பட்ட அரசுக் கல்லூரிகளில் உங்களுக்கு வேண்டியவற்றை உங்கள் போனிலிருந்தே தேர்வு செய்யலாம். கடந்த சில ஆண்டுகளாக விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும்தான். இந்தக் கட்டணத்திலேயே ஐந்து கல்லூரிகள் வரை தேர்வு செய்யலாம். யாராவது 500 ரூபாய் கொடு, சீட்டு வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். நான் பேச வந்தது தெரியாத பகுதியைப் பற்றி. விண்ணப்பம்தான் ஒன்று, சேர்க்கை ஒன்று இல்லை.

இன்ஜினியரிங் கவுன்சலிங்கோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசை. விருப்பப் பட்டியலை வரிசையாகப் பதிந்துவிட்டால், கணினியே உங்கள் கட்-ஆஃபுக்குக் கிடைக்கிற இடத்தை ஒதுக்கும். கலை அறிவியல் கல்லூரியில் அப்படி இல்லை. உங்கள் விவரம் நீங்கள் கேட்ட ஒவ்வொரு கல்லூரிக்கும் போகும். அந்தந்தக் கல்லூரி தனித்தனியாகத் தரவரிசை போடும், தனித்தனியாகக் கலந்தாய்வுத் தேதி வைக்கும். அந்த நாளில் நீங்கள் நேரில் அங்கே இருக்கணும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்கு இடம் போய்விடும். நல்ல மார்க் எடுத்த பிள்ளை வீட்டில் உட்கார்ந்து மெசேஜுக்குக் காத்திருக்கும்போதே இடம் போய்விடுகிற கதை ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறது.

ராசிபுரத்தில் ஒரு பொண்ணு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் அரசுக் கல்லூரி, நாமக்கல்லில் இரண்டு, சேலத்தில் இரண்டு என்று ஐந்தும் போட்டிருக்கிறாள். நாமக்கல்லிலும் சேலத்திலும் ஒரே நாள் காலையில் கூப்பிட்டால் என்ன செய்வாள்? எது முதலில் வேண்டும் என்பதை அவள் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று யோசிக்கக் கூடாது. விண்ணப்பிக்கிற அன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்திருக்கணும். முதலில் போகிற பஸ் எத்தனை மணிக்கு, மதியம் ஷிப்ட் கிடைத்தால் சாயந்திரம் வீடு திரும்ப வண்டி உண்டா, இதையெல்லாம் பார்த்துத்தான் ஐந்து கல்லூரியையும் தேர்வு செய்யணும். பெயர் பெரியது என்பதற்காகப் போட்டு, போய்வர முடியாமல் இரண்டாவது செமஸ்டரில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். மற்றப் படிப்புகளுக்கு மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை, 400-க்கு. அதனால் கலந்தாய்வு அறிவிப்பில் ‘400 முதல் இத்தனை வரை’ என்று இருந்தால், 600-க்கு நீங்கள் எடுத்த மொத்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள். நான்கு பாடத்தை மட்டும் கூட்டி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கலந்தாய்வுக்கு முன்னால் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் போன்றோருக்குச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடக்கும். அந்தச் சான்று உங்களிடம் இருந்தும் விண்ணப்பத்தில் டிக் அடிக்காமல் விட்டால் பட்டியலில் பெயர் வராது.

சாதிச் சான்று விஷயத்தில்தான் அதிகம் பேர் நஷ்டப்படுகிறார்கள். நம் மாநிலத்தில் இடஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் இனத்தவருக்கு 18, அதற்குள்ளே அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இதில் முஸ்லிம் பிள்ளைகள் பழக்கத்தில் பி.சி. என்று தட்டிவிடுகிறார்கள், பி.சி.எம். தனிக் கட்டம். அருந்ததியர் பிள்ளைகள் எஸ்.சி. என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள், எஸ்.சி.ஏ. தனிக் கட்டம். கையில் இருக்கிற சான்றில் என்ன அச்சாகி இருக்கிறதோ அதையே தட்டுங்கள்.

சான்று இன்னும் வாங்கவில்லையென்றால், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று விசாரணை போய்த்தான் கையெழுத்தாகும். பழங்குடியினர் சான்றுக்குக் கோட்டாட்சியர் வரை போகணும், அதற்கு நாள் கூடுதலாகும். கலந்தாய்வு அன்றைக்குச் சான்று இல்லாமல் போனால் உங்களைப் பொதுப்பிரிவில்தான் பார்ப்பார்கள். ஒரு துண்டுச் சீட்டால் பறிபோகிற இடம் அது.

அப்புறம் பயிற்றுமொழி. பலரும் யோசிக்காமல் தேர்வு செய்கிற கட்டம் இதுதான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தருகிற சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, பள்ளியிலிருந்தே தொடர்ந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பட்டப்படிப்பு தகுதி கேட்கிற வேலைக்குப் பட்டமும் தமிழ்வழியில் இருக்கணும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் வந்த பிள்ளை, டிகிரியில் ஆங்கிலவழி எடுத்தால் அந்த வேலைகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். ஆங்கிலவழி எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. தனியார் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் அது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் தெரிந்து எடுங்கள். குரூப் தேர்வு எழுதுகிற ஆசை இருந்தால் இரண்டு தடவை யோசிங்க.

இப்போது போன் விஷயம். பிரவுசிங் சென்டரில் போடுகிறவர்கள் கவனியுங்கள். கடைக்காரர் நல்ல மனிதராகவே இருப்பார், அவசரத்தில் தன் நம்பரையோ ஏதோ ஒரு மெயிலையோ போட்டுவிடுவார். கலந்தாய்வுத் தகவல் அந்த நம்பருக்குத்தான் போகும். உங்கள் வீட்டில் எப்போதும் ரீசார்ஜ் இருக்கிற, சேர்க்கை முடியும்வரை மாற்றப்போகாத நம்பரைக் கொடுங்கள். ஓடிபியை உங்கள் கையால் போடுங்கள், பாஸ்வேர்டை நோட்டில் எழுதுங்கள். பணம் கட்டும்போது வங்கிக் கணக்கில் பணம் போய், தளத்தில் ஏறவில்லை என்றால் பதறி உடனே மறுபடி கட்டாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து லாகின் செய்து பாருங்கள். கடைசியில் விண்ணப்பத்தை பிடிஎஃபாக இறக்கி, நீங்கள் தேர்வு செய்த கல்லூரியும் பாடமும் ஷிப்டும் அதில் சரியாக இருக்கிறதா என்று வாசியுங்கள். போனில் சரிவரவில்லை என்றால் அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையம் இருக்கும், அங்கே போய்ப் போடலாம்.

மெசேஜை மட்டும் நம்பாதீர்கள். தரவரிசை வெளியான பிறகு, நீங்கள் கேட்ட ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்தையும் தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்று மனம் விட வேண்டாம். ஐந்து இடத்தில் பேர் உள்ள ஒருவர் ஒரு இடத்தில்தான் சேர முடியும், மீதி நான்கு இடத்தில் அவர் வரமாட்டார். அதனால்தான் பட்டியல் மளமளவென்று இறங்கும், அடுத்த சுற்றும் வரும். அதுவரை டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்று எல்லாம் ஒரிஜினலும் இரண்டு செட் ஜெராக்ஸும் ஒரே பையில் இருக்கட்டும்.

இந்த விண்ணப்பம் அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான். தனியார் கல்லூரிக்கும், இன்ஜினியரிங்குக்கும், வேளாண் படிப்புக்கும் தனித்தனியாகப் போடணும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு, பெண்கள் என்றால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண், பையன்கள் என்றால் 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், மாதம் 1000 ரூபாய் கணக்கில் வரும். அதற்குப் பிள்ளையின் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். கல்லூரி திறந்ததும் பேங்கில் கூட்டம் அதிகமாகிவிடும், இந்த வாரமே போய்த் திறந்துவிடுங்கள்.