பாதி மலை ஏறியவனின் பூட்டான் கணக்கு

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் பேசியது)

பூட்டான் போய் வந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. வரவு செலவு எழுதுவதுபோல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம். பூட்டான் நாணயத்தின் பெயர் ஙுல்ட்ரம். ஒரு ஙுல்ட்ரம் ஒரு ரூபாய்க்குச் சமம். நம் ரூபாயை அங்கே கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் நோட்டு நம் ஊரில் செல்லாது. மிச்சம் வைக்காமல் செலவழித்துவிட்டு வாருங்கள். நமக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் மட்டும் போதாது. இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு.

நாங்கள் பாக்டோக்ரா வரை விமானத்தில் போய், காரில் எல்லை ஊரான பூன்ட்ஷோலிங்கைத் தாண்டி மலை ஏறினோம். தலைநகர் திம்புவில் போக்குவரத்து சிக்னல் விளக்கே கிடையாது. கூண்டில் நிற்கும் காவலர் கைகாட்டுகிறார், வண்டிகள் ஹாரன் இல்லாமல் நிற்கின்றன.

திம்புவிலிருந்து புனாகா போகும் வழியில் தோச்சுலா கணவாய். அங்கே 108 சிறிய ஸ்தூபிகள் இருக்கின்றன. 2003-ல் நடந்த ராணுவ நடவடிக்கையில் உயிரிழந்தவர்களின் நினைவாகக் கட்டியவை. வானம் தெளிவாக இருந்தால் பனி மலைகள் வரிசையாகத் தெரியும். எங்களுக்கு மேகம்தான் தெரிந்தது.

புனாகா கோட்டையை மட்டும் தவறவிடாதீர்கள். 1637-38-ல் கட்டியது. ஆண் நதி போ சூ, பெண் நதி மோ சூ, இரண்டும் கூடும் இடம். அங்கே கோட்டை என்றால் பாதி அரசு அலுவலகம், பாதி புத்த மடம். முதல் மன்னருக்கு 1907-ல் முடிசூட்டியது இங்கேதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். எமா தாட்சி என்று பச்சை மிளகாயையும் சீஸையும் சேர்த்துச் செய்கிறார்கள். மிளகாய்தான் அங்கே காய்கறி! சிவப்பரிசிச் சோறும் கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். பாரோவில் செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்ட்சாங் மடம், அதாவது புலிக்குகை. குரு பத்மசம்பவர் பெண் புலி மேல் வந்து இறங்கித் தவம் செய்ததாக நம்பிக்கை. 1692-ல் கட்டிய மடம் 1998-ல் தீப்பிடித்தது; திரும்பக் கட்டியிருக்கிறார்கள். உயரம் சுமார் 3,100 மீட்டர். நடந்துதான் ஏற வேண்டும். குதிரை பாதி வழி வரைதான், அதுவும் ஏறுவதற்கு மட்டும்.

இந்த மலையை ரிட்டயர் ஆனதும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் நான். பிறகு பேத்தி பிறந்தாள், பிறகு கொரோனா, பிறகு என் முழங்கால். பாதி வழியில் ஒரு சிற்றுண்டிக் கடை இருக்கிறது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “நீங்க உட்காருங்க, நான் போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு என் மனைவி தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்று மணி நேரம் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் 31 கணக்கு முடிக்கும் இரவுகளில் நான் எப்போது வருவேன் என்று அவள் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பாள்! அன்றுதான் எனக்கு அது புரிந்தது. மடத்துக்குள் ஃபோன் அனுமதி இல்லை. அதனால் படம் எதுவும் இல்லை. இறங்கும் வழி முழுக்க அவள் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் நான் புலிக்குகையைப் பார்த்தேன்.

அந்த நாட்டின் மிக உயர்ந்த சிகரம் கங்கர் புவன்சும், 7,570 மீட்டர். இதுவரை யாரும் அதன் உச்சியில் ஏறவில்லை. மலைகள் தெய்வங்களின் இருப்பிடம் என்று சிகரம் ஏறுவதையே 2003-லிருந்து தடை செய்துவிட்டார்கள். ஓட்டுநர் தம்பி இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

என் வேண்டுகோள் இதுதான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முழங்கால் இடம் கொடுக்கும்போதே கிளம்புங்கள். புலிக்குகையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். முடியாவிட்டால் பாதியில் உட்காருவதில் வெட்கமில்லை. செலவு எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறது; மாலை ஐந்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மேலே என்ன இருக்கிறது என்று மட்டும் என் மனைவியிடம் கேளுங்கள்.